யாரும் அழுத்தாத சம்மதம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஏழாவது மாடியில் எந்த மேசைக்குப் போனாலும், "சல்லடை பார்த்தாச்சா? சல்லடை என்ன சொல்லுச்சு?" என்றுதான் பேச்சு இருக்கும். கிண்டலாக வைத்த பெயர், பதினான்கு வருஷத்தில் பட்டம் போல ஆகிவிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

மற்றவர்கள் கட்டியதைக் கெடுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. நிரல் எழுதுகிறவர்கள் ஒரு மென்பொருளைச் செய்து அனுப்புவார்கள். அது ஊருக்குப் போகும் முன்னால் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை ஒழுங்காக உட்கார்ந்து, ஒழுங்காகப் பொத்தானை அழுத்திச் செய்கிறவர்களும் உண்டு. சல்லடை அப்படி இல்லை. கையை ஈரமாக்கிக்கொண்டு திரையைத் தொடுவாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிப்பாள். அவசரத்தில் இருக்கிறவர்களைப் போல ஒரே பொத்தானை ஐந்து தடவை குத்துவாள். பெயர் கேட்கிற இடத்தில் போன் நம்பரைப் போடுவாள். லிஃப்டில் ஏறி, சிக்னல் போகிற நேரம் பார்த்து 'அனுப்பு' என்பாள். நிரல் எழுதுகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "எந்த மனுஷன் இப்படிப் பண்ணுவான்?" என்று கேட்பார்கள்.

"எங்க வீட்டுலயே நாலு பேர் இருக்காங்க" என்பாள் அவள்.

நிறுவனம் பெரியது. மருத்துவமனைகளுக்கு முன்பதிவுச் செயலி செய்து கொடுப்பது அவர்கள் தொழில். நோயாளி தன் போனிலேயே தேதி வாங்கிக்கொள்ளலாம். மருத்துவர் தேதியை மாற்றினால் போனுக்குத் தகவல் வரும். நோயாளி அதைப் பார்த்துவிட்டு 'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்தினால், இன்ன நாள் இத்தனை மணிக்கு அழுத்தினார் என்று மருத்துவமனைத் திரையில் தெரியும். ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் இதை வைத்திருந்தன.

அதற்குப் புதிய பதிப்பு ஒன்று வருவதாக நிறுவனத்தின் பெரிய தலைவர் ஒரு மேடையில் அறிவித்துவிட்டார். தேதியையும் சேர்த்தே சொன்னார். அந்தத் தேதியை அவருக்கு யார் கொடுத்தது என்று விசாரித்தால் விற்பனைப் பிரிவு என்றார்கள். விற்பனைப் பிரிவிடம் கேட்டால், மேடையில் தலைவர் சொன்ன தேதிதானே என்றார்கள். ஆக, செய்கிறவர்கள் யாரும் கொடுக்காத ஒரு தேதி, எல்லார் கழுத்திலும் வந்து உட்கார்ந்தது.

அங்கே ஒரு முறை உண்டு. கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் ஆபத்து, வெளியே விடவே கூடாது. இரண்டு என்றால் சரிசெய்த பிறகே விடலாம். மூன்று என்றால் விடலாம், பிறகு சரிசெய்துகொள்ளலாம். நான்கு என்றால் எழுத்துப்பிழை மாதிரி அற்பம். ஒன்றோ இரண்டோ மீதி இருக்கிற எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான், குறையே சொல்ல முடியாது. அதனால்தான் யாரும் விதியைத் தொடவில்லை, எண்ணைத் தொட்டார்கள்.

வெளியீட்டுக்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு கூட்டம் நடக்கும். காகிதத்தில் அதற்குப் பரிசீலனைக் கூட்டம் என்று பெயர். மாடி முழுக்க அதை எண் இறக்கும் கூட்டம் என்றுதான் சொல்வார்கள். காலையில் பத்தொன்பது 'இரண்டு' இருக்கும், சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட இருக்காது. குறையைச் சரிசெய்ய நான்கு நாள் பிடிக்கும், எண்ணை மாற்ற நான்கு நொடி போதும். இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியீட்டுத் தேதியை நீலக் கிரீமால் எழுதிய கேக் ஒன்று அன்று காலையே கடையிலிருந்து வந்துவிடும். விவாதம் நடக்கிற மேசையின் ஓரத்திலேயே அந்தப் பெட்டி இருக்கும். கேக் வந்த பிறகு தேதி மாறியதாகச் சரித்திரம் இல்லை.

அந்த வியாழக்கிழமை பதினோராவதாக வந்தது சல்லடை கண்டுபிடித்த ஒரு குறை. போனை முழுதாக அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தபோது கிடைத்தது. மருத்துவமனை தேதியை மாற்றும் நேரத்தில் நோயாளியின் போன் அணைந்திருந்தால், மறுபடி போட்டவுடன் செயலி தானாகவே 'சம்மதம்' என்று பதில் அனுப்பிவிடும். நோயாளிக்கோ பழைய தேதியையே காட்டிக்கொண்டிருக்கும். புதுத் தேதி கடந்துபோன பிறகுதான் திரை திருந்தும். அப்போது பழைய தேதி இருந்த சுவடே இருக்காது. அவள் 'இரண்டு' போட்டிருந்தாள்.

கூட்டத்தை நடத்தியவரைத் தேதிக்காரர் என்பார்கள். பொல்லாதவர் இல்லை. எல்லார் பிள்ளைகளின் பிறந்தநாளும் அவருக்குத் தெரியும். அன்று அவருக்கு வேறொரு தேதி தலைக்கு மேல் இருந்தது.

"இந்தக் காலத்துல போனை முழுசா அணைச்சு வைக்கிறது யாருங்க?" என்று கேட்டார் அவர்.

"ஏன் சார், எங்க மாமனார் இருக்காரே" என்றாள் சல்லடை. "கடைக்கு ஷட்டர் போடுற மாதிரி தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அணைச்சிட்டுத்தான் படுப்பாரு. போனுக்கும் தூக்கம் வேணுமாம்."

மேசை முழுக்கச் சிரித்தது.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. ஆப்பை மாத்துறதைவிட உங்க மாமனாரை மாத்துறது சுலபம்" என்றார் தேதிக்காரர். மறுபடி சிரிப்பு. சல்லடையும் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆயிரத்துல மூணு பேருக்கு வருமா? ரெண்டு வாரத்துல சரி பண்ணிடலாம். மூணு போடுங்களேன். இன்னும் எட்டு பாக்கி இருக்கு, எல்லாருக்கும் பசி."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். யாரும் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பதினான்கு வருஷமாகக் கூடச் சாப்பிடுகிற முகங்கள்தான். நான் ஒருத்தி முரண்டு பிடித்து என்ன ஆகப்போகிறது என்று அவள் இரண்டை அழித்து மூன்று போட்டாள். காரணம் எழுதும் கட்டத்தில், 'அரிதாகவே நிகழும். செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிடும்' என்று எழுதினாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்காமல் அவள் எழுதிய முதல் வாக்கியம் அது. பிறகு கேக் வெட்டினார்கள், அவளுக்கு நீலக் கிரீம் இருந்த துண்டு வந்தது.

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஏன் அரைகுறைச் சரக்கை ஊர் தலையில் கட்டுகின்றன என்று கேட்கிறவர்கள், உள்ளே முட்டாள்கள் இருப்பதாக நினைக்கிறார்கள், இல்லையென்றால் திருடர்கள் இருப்பதாக நினைக்கிறார்கள். இரண்டு வகையிலும் சிலர் இருக்கலாம். ஆனால் அந்த அறையில் இருந்த ஒன்பது பேரும் கெட்டிக்காரர்கள், வீட்டுக்குப் போனால் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். விஷயம் வேறு. தேதி தவறினால் தெரிந்த ஒரு மனிதர் முகத்துக்கு நேரே கத்துவார். குறை தவறிப்போனால் தெரியாத ஆயிரம் பேர், தனித்தனி வீடுகளில், தனித்தனியாக அவதிப்படுவார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் தப்பு தங்களுடையது என்றே நினைத்துக்கொள்வார்கள். கத்துகிற ஒருவருக்குத்தான் எல்லாரும் பயப்படுவோம். பிறகு சரிசெய்யலாம் என்று ஒரு வழி வேறு இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்துப் பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் நேர அட்டவணை போட்டவர் அவர். அறுபத்தொரு தடங்களின் நேரமும் அவருக்கு மனப்பாடம். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும், ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருமுனையில் பேருந்து திரும்பினால், "மூணு நிமிஷம் லேட்டு" என்று சுவரிடம் சொல்வார். மாமியார் காலமான பிறகு வீட்டில் அவருக்கு இருந்த பெரிய உத்தியோகம், பள்ளிக்கூடம் விட்டதும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவது. அதற்காகப் பள்ளிக்கூடம் கொடுத்த அட்டை, அவர் படத்தோடு, எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நிற்பார்.

அவருக்கு இடது கண் புரை எடுத்தாகிவிட்டது, வலது கண் பாக்கி. கண் மருத்துவமனைக்காக அந்தச் செயலியை அவர் போனில் ஏற்றிக்கொடுத்ததே சல்லடைதான். "எங்க கம்பெனிது மாமா. நானே பார்த்து அனுப்புனது" என்று சொன்னாள். அவர் அதை நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அவர்களில் இரண்டு பேர் போனிலும் ஏற்றிக்கொடுத்தார்.

புதிய பதிப்பு வெளியாகி மூன்றாவது வாரம், புதன்கிழமை, வலது கண் அறுவைக்கு நாள். வெறும் வயிற்றோடு, முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். மருந்துக்கடை வைத்திருக்கிற மகன், சல்லடையின் கணவன், கடையைப் பாதி நாள் மூடிவிட்டுக் கூடப் போனான். வரவேற்பில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அறுவை செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்பட்டு, அந்த நேரம் நேற்றே கடந்துபோயிருந்தது.

"நீங்களே சம்மதம் அழுத்தியிருக்கீங்களே சார். ஞாயித்துக்கிழமை காலையில, ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு."

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் செவ்வாய் என்றே இருந்தது. முந்தின நாள் மாலை புதன் என்று பார்த்த அதே இடத்தில்.

அன்று சாயங்காலம் சல்லடை வீட்டுக்கு வந்ததும், "புதன்னுதாம்மா பார்த்தேன். கண்ணால பார்த்தேன்" என்றார்.

சம்மதம் பதிவான நேரத்தையும் சொன்னார். ஆறு பத்து. அவர் தினமும் எழுந்து போனைப் போடுகிற நேரம். கேட்ட நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"கண்ணு மங்கலா இருக்கறதால சரியாத் தெரிஞ்சிருக்காது மாமா. விடுங்க."

அவர் தலையாட்டினார். மருமகள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

மறுநாள் அந்த நிரலை எழுதியவனிடம் போனாள். தாடி என்று கூப்பிடுவார்கள். "அந்த சம்மதப் பிரச்சினை என்ன ஆச்சு?"

"'பிறகு' பட்டியல்ல இருக்குக்கா."

"எத்தனாவது?"

தேடிப் பார்த்தான். "நானூத்திப் பதினேழு. மூணு போட்டிருக்கீங்கல்ல, ரெண்டு இருந்தா மேல வந்திருக்கும். இப்ப எல்லாரையும் அடுத்த பதிப்புல போட்டுட்டாங்க. அதுக்கும் தேதி சொல்லிட்டாங்களாமே."

அன்று மதியம் புகார்ப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். 'நான் எதையும் அழுத்தவில்லை, சத்தியமாக' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'என் அம்மாவுக்குப் புதிய தேதி காட்டவே இல்லை என்கிறார், அவர் பொய் சொல்கிறவர் இல்லை' என்று இன்னொருவர். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் முடிக்கப்பட்டிருந்தது, ஒரே காரணத்தோடு: பயனர் கவனக்குறைவு. புகார் எடுக்கிற பிள்ளைகளையும் குறை சொல்வதற்கில்லை. 'மூடித் திறந்தால் சரியாகிவிடும்' என்று சல்லடை எழுதி வைத்திருந்தது அவர்கள் கையில் இருந்தது. மூடித் திறந்தும் சரியாகவில்லை என்றால் ஆள்தான் சரியில்லை என்று அர்த்தம்.

எண்ணை மறுபடி ஏற்றுவதற்கு வழி உண்டு. ஆனால் முதலில் போட்ட எண் ஏன் தவறு என்று, போட்டவர் பெயரோடு எழுத வேண்டும். அடுத்த வாரம் எழுதலாம் என்று மூன்று வாரம் ஓட்டினாள். அதற்குள் தாடியே சரிசெய்துவிடுவான் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். வீட்டில், "மாமா, ராத்திரி போனை அணைக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏம்மா?"

"பேட்டரிக்கு நல்லதில்லையாம்" என்று மழுப்பினாள். அவர் இரண்டு நாள் அணைக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் பழக்கம் திரும்பிவிட்டது. அவளும் கண்டும் காணாமல் இருந்துவிட்டாள்.

அறுவைக்கு மறுபடி வாங்கிய தேதியிலும் அதேதான் நடந்தது. மருத்துவர் வெளியூர் போகிறார் என்று ஒரு நாள் முன்னதாக மாற்றினார்கள். இவர் ஒரு நாள் கழித்துப் போய் நின்றார். இந்தத் தடவை வரவேற்புப் பெண் திரையைத் திருப்பவில்லை. மகனைத் தனியாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

மகன் கோபப்பட்டிருந்தால் வீட்டில் சண்டையாவது நடந்திருக்கும். அவன் நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினான். "அப்பா, ஒரு தடவை ஞாபகத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டிடலாமா? சும்மா, ஒரு நிம்மதிக்கு."

"சரிப்பா" என்றார் அவர், உடனே. அறுபத்தொரு தடங்களுக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய மனிதர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூட அட்டையை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். "பாப்பாவை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. நான்பாட்டுக்கு மறந்துட்டு வேற எங்கயாவது நின்னுட்டா, அது வாசல்ல காத்துட்டு நிக்கும்."

சல்லடை சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கணவன் பின்னாலேயே வந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பினாள்.

"நல்லவேளை, உன் ஆப் இருந்துச்சு" என்றான் அவன். "இல்லைன்னா நமக்கு இது தெரிஞ்சே இருக்காது. எந்த நிமிஷம் அழுத்தினாருன்னு வரைக்கும் காட்டுதே."

அவள் குழாயை மூடிவிட்டுப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் ஜன்னலோரம் உட்காரவில்லை. பேருந்து வந்தால் நேரம் சொல்லவில்லை. அடுப்பு, கதவு, தண்ணீர்த் தொட்டி என்று சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி ஒட்டிக்கொண்டார். ஒருநாள் காலை குளியலறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. முப்பத்தெட்டாம் தடம், காலை ஐந்து இருபது, ஐந்து ஐம்பது, ஆறு பத்து என்று தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் தடுக்கியது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். சல்லடை கையில் துண்டோடு வெளியே நின்றாள், கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

ஞாபகத்துக்குப் பார்க்கிற மருத்துவரிடம் மூன்று பேருமாகப் போனார்கள். அறை சின்னது. மூன்று நாற்காலிகள், ஒரு கடிகாரம், ஒரு நாட்காட்டி. நாட்காட்டியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் மருத்துவர் கேள்வியை ஆரம்பித்தார். இன்று என்ன தேதி, என்ன கிழமை. மாமனார் சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். போதும் என்று மருத்துவர் நிறுத்துகிற வரைக்கும் கழித்தார். மூன்று சொற்களைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். மூன்றையும், சொன்ன வரிசையிலேயே சொன்னார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் நான் பார்த்ததுல ஒண்ணும் குறையில்லையே. உங்களுக்கு என்ன சந்தேகம்?"

"ரெண்டு தடவை தப்பாப் போயிட்டேன் டாக்டர். நானே அழுத்திட்டு மறந்திருக்கேன்" என்றார் அவர். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தப்பை ஒப்புக்கொள்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேசினார். "மொதல்ல அழுத்தலைன்னு சாதிச்சேன். அப்புறம் உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். இப்ப லேசா ஞாபகம் வருது. பல் தேய்ச்சிட்டு வந்தேன், தோள்ல துண்டு இருந்துச்சு. அப்படியே நின்னுக்கிட்டு அழுத்தின மாதிரி..."

சல்லடையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அழுத்தாத ஒன்றை அழுத்தியதாக அந்த மனிதர் ஞாபகம் தேடிக் கண்டுபிடித்திருந்தார், தோள் துண்டு உட்பட.

"நீங்க அழுத்தல மாமா."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நீங்க எதையும் அழுத்தல. ஆப்பே அழுத்திச்சு. போனை அணைச்சு வெச்சிருந்தா அப்படி ஆகும். அது எனக்குத் தெரியும். வெளிய விடறதுக்கு முன்னாடியே தெரியும். நான்தான் கண்டுபிடிச்சேன். நான்தான் பரவாயில்லைன்னு எழுதிக் கொடுத்தேன்."

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், நேரம் தப்பி வந்த பேருந்தைப் பார்க்கிற மாதிரி, திட்டாமல், கணக்குப் பார்க்கிற கண்ணோடு.

"நிச்சயமா நான் அழுத்தலையா?"

"நிச்சயமா மாமா."

"போனை அணைச்சு வைக்கிற ஆளுங்க இருப்பாங்கன்னு அங்க யாருக்கும் தோணலையாம்மா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

"தோணுச்சு மாமா. உங்களைப் பத்தி நானே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." தலை தானாகக் குனிந்துவிட்டது. "நானும் சிரிச்சேன்."

பிறகு அவர் மகன் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அவர் முதுகு நிமிர்ந்ததை மருத்துவர்கூடக் கவனித்திருப்பார்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் அவர் அவளிடம் பேசவில்லை. வண்டி வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் லேட்டு" என்றார், பொதுவாக. வீட்டுக்கு வந்ததும் மேசை மேலிருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். எல்லாம் முடிந்த பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"இந்த ஆப்பை எடுத்துடும்மா."

எடுத்தாள். எடுக்கும்போது, ஏன் விலகுகிறீர்கள் என்று செயலி கேட்டது. நான்கு காரணங்கள் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வேண்டியது அதில் இல்லை.

"என்னை மாதிரி எத்தனை பேரும்மா?"

"இருநூத்திப் பன்னெண்டு. நான் பார்த்தப்போ. இப்ப கூடியிருக்கும்."

அவர் போனை வாங்கிப் பையில் வைத்தார். "அவங்க வீட்டுலயெல்லாம் மருமக உங்க கம்பெனியில இல்லையே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை. அடுத்த பதிப்புக்கான கேக் பெட்டி மேசை ஓரத்தில் ஏற்கெனவே வந்திருந்தது. கூட்டத்துக்கு முன்னாலேயே சல்லடை தன் இடத்தில் உட்கார்ந்து மூன்றை அழித்து ஒன்று போட்டாள். முதலில் போட்ட எண் ஏன் தவறு என்ற கட்டத்தில், 'சோதிக்காமல் எழுதினேன்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். பெற்றோர் வைத்த பெயர்.

தேதிக்காரர் வேகமாக வந்தார். "என்னங்க இது, இன்னைக்குப் போய்? அடுத்ததுல பார்த்துக்கலாமே. உங்க பேருதான் கெட்டுப்போகும்."

"கெட்டாச்சு சார். வீட்டுல கெட்டாச்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். ஒன்று போட்டால் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டவில்லை. தாடி நான்கு நாளில் சரிசெய்துவிட்டான். மேடைத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது. தலைவர் கத்தினாராம். அப்புறம் அவரும் மறந்துவிட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அன்றைக்கே இதைச் செய்திருந்தாலும் விழுந்திருக்காது என்பதுதான் அவளை அறுத்தது.

புதிய பதிப்போடு பயனர்களுக்கு ஒரு குறிப்பு போகும். அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். 'சில செயல்பாடுகள் மேம்படுத்தப்பட்டுள்ளன.' அதற்கு மேல் ஒரு வரி இல்லை. இன்னொரு வரி சேர்க்கலாமே என்று கேட்டதற்கு, சட்டப் பிரிவு சம்மதிக்காது என்றார்கள். புகார்ப் பட்டியலில் இப்போது இருநூற்று அறுபத்தொரு பேர் இருந்தார்கள், கவனக்குறைவானவர்கள் என்ற பெயரோடு.

மதிய இடைவேளையில் அவள் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பட்டியலின் முதல் பக்கத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு, மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலோரம் போய் நின்றாள். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். தன் சொந்த போனிலிருந்து முதல் எண்ணைக் கூப்பிட்டாள். மூன்று தடவை மணி அடித்த பிறகு, வயதான ஒரு பெண்மணி எடுத்தார்.

எந்த நிறுவனம் என்று சொன்னாள். ரத்தப் பரிசோதனைக்குத் தேதி தவறிப்போனதாக ஒரு புகார் வந்ததே என்றாள்.

"ஆமாம்மா, நான்தான். அது பரவாயில்லைம்மா. எனக்கு இப்பல்லாம் ஞாபகம் இருக்கறதில்ல" என்றது அந்தக் குரல், மன்னிப்புக் கேட்பது போல.

சல்லடை கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். "இல்லைம்மா. நீங்க மறக்கல. நீங்க எதையும் அழுத்தவும் இல்ல. தப்பு எங்களோடது. எங்களுக்குத் தெரிஞ்சே விட்டுட்டோம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது.

"கொஞ்சம் இரும்மா, வெச்சிடாத" என்றார் அந்த அம்மாள். அவசரத்தில் மூச்சு வாங்கியது. "என் பையன் உள்ளதான் இருக்கான். அவன்கிட்ட குடுக்கறேன். இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே அவன்கிட்டயும் சொல்லிடு."